பெரியப்பாவின் அம்பாசிடர்: 1489 சிசி எஞ்சினை அறுபதாயிரம் ரூபாய்க்குள் தேற்றிய பதிவு

என் பெரியப்பா 1984-ல் இரண்டாம் கையாக வாங்கிய 1977 மாடல் அம்பாசிடர் மார்க் 3 கார் சென்ற ஆண்டு என் பொறுப்புக்கு வந்தது. கோயம்புத்தூரின் வறண்ட காற்றில், கூரை போட்ட கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் உடம்பில் துரு அதிகமில்லை. எஞ்சின்தான் களைத்திருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாற்றிலிருந்து குன்னூர் மலைப்பாதையில் நான்கு பேரோடு ஏறியபோது, இரண்டாம் கியரை விட்டு மேலே போக அது மறுத்தது. சற்று நேரான இடம் பார்த்து மூன்றாம் கியருக்கு மாற்றினால் அடுத்த வளைவுக்குள் மூச்சு வாங்கியது. அன்று இரவே, அறுபதாயிரம் ரூபாய்க்குள் இந்த எஞ்சினிலிருந்து எவ்வளவு திறன் எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

எஞ்சினையே மாற்றிவிடு என்று பலர் சொன்னார்கள். அது தவறான யோசனை அல்ல. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை அம்பாசிடரில் பொருத்தி விற்றது, அது நன்றாகவும் ஓடியது. ஆனால் இந்த வண்டியைத் திறந்தால் உள்ளே பச்சை வண்ணம் மங்கிய அந்தப் பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. டர்போவும் வேண்டாம், வேறு எஞ்சினும் வேண்டாம், தானாகக் காற்றை இழுக்கும் இதே எஞ்சின் சரியாக மூச்சுவிட்டால் போதும் என்பதே என் எல்லை.

இந்த எஞ்சினின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வேலை எளிதாகிறது. பி.எம்.சி.யின் 'பி' வரிசை என்று சொல்லப்படும் இதன் மூல வடிவம், 1947-ல் ஆஸ்டின் ஏ40 காரில் வந்த 1200 சிசி எஞ்சின். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 88.9 மில்லிமீட்டராகவே இருக்க, சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டராக வளர்ந்து 1489 சிசி ஆனது. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசி எஞ்சின்தான், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி), கூடுதல் கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு), வேறு கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சேர்ந்து அங்கே அது 70 குதிரைத்திறனை ஒட்டிக் கொடுத்தது. அம்பாசிடரில் அதே இரும்பு ஏறத்தாழ 50 குதிரைத்திறனோடு அடங்கிக் கிடந்தது. அன்றைய நம் பெட்ரோலின் தரத்துக்கும், எந்த ஊர் பட்டறையிலும் சமாளிக்க வேண்டிய தேவைக்கும் ஏற்ப வேண்டுமென்றே அடக்கி வைக்கப்பட்ட எஞ்சின் இது.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்று கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக அம்பாசிடர் எஞ்சின் பிரித்துச் சேர்ப்பவர் அவர். "தம்பி, இருக்கறது எங்க ஓடிப்போச்சுன்னு மொதல்ல பார்த்துட்டு, அப்புறம் புதுசா என்ன போடலாம்னு யோசிங்க" என்றார். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தோம். முதல் சிலிண்டரில் 108 பி.எஸ்.ஐ., இரண்டில் 102, மூன்றில் 82, நான்கில் 110 என்று வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது மற்ற மூன்றும் 125-ஐத் தாண்டின. மூன்றாவது மட்டும் 85-லேயே நின்றது. ஆயில் விட்டு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள், ஏறாவிட்டால் காற்று வால்வு வழியாகப் போகிறது என்று பொருள். எங்களிடம் இரண்டு நோயும் இருந்தன.

வால்வுக் கதையை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் வால்வுக்கும் நடுவே இந்த எஞ்சினில் விட வேண்டிய இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் அதைச் சரியாக வைத்து, 1500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தால் 0.20 தகடு கூட இறுக்கமாகப் போகும். தேய்மானத்தால் இடைவெளி கூடினால் டக்டக்கென்று சத்தம் வரும், யாரும் கவனிப்பார்கள். இங்கே இடைவெளி குறைந்துகொண்டே போனது. சத்தம் குறைவதைப் பார்த்து நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். உண்மையில் வால்வு தான் அமரும் சீட்டை அரித்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் மூழ்கிக்கொண்டிருந்தது. பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வுக்கும் வார்ப்பிரும்பு சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து இரண்டும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது; உடல்நலத்துக்கு அது மிக நல்ல முடிவு, ஆனால் சீட்டை ஹெட்டின் வார்ப்பிலேயே வெட்டியிருக்கும் இத்தகைய எஞ்சின்களுக்குக் காப்பு போய்விட்டது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே நடு வழியாக வெளியேறுவதால் அந்த இடம்தான் ஹெட்டிலேயே அதிகம் சூடாகிறது, அரிப்பும் அங்கேதான் முந்திக்கொள்கிறது.

செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கினோம். உள்விட்டம் அளக்கும் போர் கேஜில் சிலிண்டரின் மேல் பகுதி 0.22 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. 20 தௌ கூடுதல் விட்டத்துக்குக் குடையும் ஓவர்சைஸ் போரிங் தவிர்க்க முடியாதது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் நல்லவேளையாக அளவுக்குள் இருந்தது, பாலிஷ் மட்டும் செய்து புதிய பேரிங் போட்டோம். மூன்று மெயின் பேரிங்குகள் மட்டுமே தாங்கும் கிராங்க் என்பதால் இந்த எஞ்சினை நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் விரட்டுவது பாவம். ஆகவே அதிக சுற்றில் திறன் கொடுக்கும் கேம்ஷாஃப்ட் எனக்குப் பயன்படாது, அதைத் தொடவே இல்லை.

பிறகுதான் நான் மிகவும் விரும்பிச் செய்த வேலை வந்தது. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் போட்டு, கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டால் எரியறையை மூடி, தகட்டின் சிறு துளை வழியாக ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொரு அறையின் கொள்ளளவையும் அளந்தேன். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்துக்குப் பிறகு ப்யூரெட்டைத் தொட்டது அன்றுதான். கடைசிக் காற்றுக் குமிழி கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து துளை வழியே வெளியேறும் வரை ஹெட்டைச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அது நிற்கும் கணத்தில் அளவைக் குறிக்க வேண்டும். ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த அந்த இதய வடிவ அறை ஒவ்வொன்றும் 39 சிசி பிடித்தது. ஹெட் கேஸ்கட்டின் கனத்துக்கு 3.5 சிசி, பிஸ்டன் மேல்நிலையில் பிளாக்கின் முகத்துக்கு 0.9 மில்லிமீட்டர் கீழே நிற்பதால் 3.8 சிசி, பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணக் குழிவு 14 சிசி. மொத்தம் 60.3 சிசி. ஒரு சிலிண்டரின் ஓட்டக் கொள்ளளவு 372.3 சிசி என்பதால், கம்ப்ரெஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்தக் கொள்ளளவை அது மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தது) ஏறத்தாழ 7.2.

இதை எவ்வளவு உயர்த்தலாம்? எம்.ஜி.ஏ.வில் 8.3 இருந்தது. இன்றைய சாதாரண பெட்ரோல் அந்தக் காலத்து நம் பெட்ரோலைவிட ஆக்டேனில், அதாவது தானாக வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் அளவில், உயர்ந்தது, ஆகவே 8.3-ஐயும் தாண்டலாம் என்று ஆசை சொல்லும். ஆனால் சித்திரை வெயிலில், நான்கு பேரும் மூட்டையும் ஏற்றி, மலையில் குறைந்த சுற்றில் இழுக்கும் வண்டி இது. கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வந்தால் பிஸ்டனின் ரிங் மேடு உடையும். 8-ஐ ஒட்டி நிற்பது என்று தீர்மானித்தேன். கிடைக்கும் பிஸ்டன்கள் பழைய குழிவோடுதான் வருகின்றன; எனவே ஹெட்டை 1.35 மில்லிமீட்டரும் பிளாக்கின் முகத்தை 0.5 மில்லிமீட்டரும் சீவுவது என்று கணக்கிட்டேன். பிளாக்கைச் சீவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் தட்டைப் பகுதிக்கு நெருங்கி, நடுவில் சிக்கும் கலவையைப் பிதுக்கி எரியறைக்குள் தள்ளிச் சுழலச் செய்யும். சுழலும் கலவை வேகமாக எரிவதால் நாக்கிங்கும் குறைகிறது.

இங்கேதான் இடறினேன். அவசரத்தில், அண்ணன் சொன்ன லேத் பட்டறை காலியில்லை என்று வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பளபளவென்று வந்தது. வீட்டில் மறுபடி ப்யூரெட் வைத்து அளந்தபோது முதல் அறை 35.1 சிசி, அடுத்தடுத்து 34.8, 34.5, கடைசி அறை 34.2 சிசி. ஒழுங்காக இறங்கும் இந்த எண்களைப் பார்த்தவுடனே புரிந்தது: ஹெட்டை மேஜையில் சரியாகச் சமன் செய்யாமலே சீவியிருக்கிறார்கள், முன்பக்கம் 1.35, பின்பக்கம் 1.65. அப்படியே பொருத்தியிருந்தால் நான்கு சிலிண்டரும் நான்கு கம்ப்ரெஷனில் ஓடியிருக்கும். நியாயம் கேட்டுத் திரும்பிப் போனேன், பேச்சுதான் வளர்ந்தது. முடிவில் அண்ணன் முதலில் சொன்ன பட்டறையிலேயே இரண்டு நாள் காத்திருந்து, முன்பக்கத்தின் கூடுதல் கனத்தை மட்டும் எடுத்து எல்லா அறைகளையும் 34.2-க்குக் கொண்டுவந்தோம். என் திட்டத்தைவிடச் சற்று அதிகமாகச் சீவ வேண்டியதாயிற்று. 20 தௌ போரிங்குக்குப் பிறகு ஒரு சிலிண்டர் 377.5 சிசி, மேலே மிஞ்சும் இடம் 53.4 சிசி, விகிதம் 8.07. எஞ்சின் இப்போது 1510 சிசி. ப்யூரெட் இல்லாதிருந்தால் இந்தக் கோணல் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்குக்கும் சீட் இருந்த இடத்தைக் குடைந்து, கடினமான கலப்பு வார்ப்பிரும்பு வளையங்களை இறுக்கிப் பதித்தோம். வளையம் குழியைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்து, ஒரே தட்டில் இறக்க வேண்டும். புதிய வால்வு, வால்வுத் தண்டு நகரும் புதிய கைடு உட்பட இந்த வேலைக்கு மட்டும் 11,000 ரூபாய் ஆயிற்று. பிஸ்டன் செட் 14,000. அறுபதாயிரத்தில் பெரும்பங்கு, வெளியில் பார்க்க முடியாத இந்த இடங்களில்தான் போனது. அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

காற்று வழி பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளைகள். முதலும் இரண்டும் ஒன்றைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் மற்றொன்றை. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால், இரண்டாம் சிலிண்டர் இழுத்து முடிக்கும் கையோடு முதல் சிலிண்டர் அதே துளையில் இழுக்கத் தொடங்குகிறது. பிறகு நெடுநேரம் அந்தத் துளை சும்மா இருக்கிறது. இந்தப் பிறவிக் குறையை அரத்தால் தீர்க்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: கேஸ்கட்டை வார்ப்புருவாக வைத்துப் பார்த்தபோது மேனிஃபோல்டின் (காற்றைப் பங்கிடும் குழாய்த் தொகுதி) வாயும் ஹெட்டின் வாயும் ஒருபக்கம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகி, காற்றின் வழியில் ஒரு படிக்கட்டாக நின்றது. டை கிரைண்டரில் கார்பைடு பர் போட்டு இரண்டு மாலைகள் அந்தப் படியைச் சாய்த்து ஒன்றாக்கினேன். இன்லெட்டைக் கண்ணாடி போல் பாலிஷ் செய்யவில்லை. சற்றுச் சொரசொரப்பான சுவரில் பெட்ரோல் துளிகள் ஓடையாக ஒட்டி ஓடாது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கரி ஒட்டாதிருக்க மழமழப்பாக்கினேன். மூன்று கிளைகளாகக் குழாய் வளைத்து எக்ஸாஸ்ட் செய்து தருவதாகச் சைலன்ஸர் கடைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றேன். பழைய வார்ப்பு மேனிஃபோல்டு இன்லெட்டின் அடிவயிற்றைச் சூடாக்குகிறது; ஊட்டிக் குளிரில் அந்தச் சூடு தேவை. முன் குழாயையும் சைலன்ஸரையும் மட்டும் ஒரு அளவு பெரிதாக்கினோம்.

கார்புரேட்டர் பழைய சோலெக்ஸ்தான். இரட்டை எஸ்.யூ. தேடிச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய், விலை கேட்டுத் திரும்பினேன். வந்து சோலெக்ஸில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டினால் அது துளைக்குள் கடகடவென்று ஆடியது. அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்துகொண்டிருந்தது. ஐடிலிங் நிற்காததற்கும், பிக்கப்பில் தயங்குவதற்கும் இதுவே காரணம். உடம்பைக் குடைந்து வெண்கல புஷ் போட்டுத் தண்டைப் புதிதாகக் கடைந்தோம்.

பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கு 14.7 மடங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 மடங்கே போதும். பழைய ஜெட்டை வைத்தால் கலவை எட்டு சதவீதத்துக்கு மேல் மெலிந்துபோகும். சோலெக்ஸ் ஜெட்டின் எண் அதன் துளை விட்டத்தை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் சொல்வது; என்னுடையது 120. அதை 125 ஆக்கினால் துளையின் பரப்பு 8.5 சதவீதம் கூடுகிறது. சொல்லிவைத்தாற்போல் பொருந்திய கணக்கு. ஆனாலும் முதலில் நான் 120-ஐயே விட்டுவைத்து, புதிய எஞ்சினைப் பழைய ஜெட்டோடு ஓட்டிப் பார்த்தேன்; அதன் பலனைக் கீழே சொல்கிறேன். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுக்கச் செய்யும் என்பதால் பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயஃப்ரமையும் மாற்றினோம்.

இக்னிஷனில் பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டேன். இதனால் திறன் அதிகரிக்காது. பிளக்கில் தீப்பொறி விழும் நேரமான டைமிங் நழுவாமல் நிற்கும், அவ்வளவே.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை அண்ணன் காட்டினார். ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருப்பதால், ராக்கரைத் தூக்கும் புஷ் ராடு அந்த அளவுக்கு நீண்டதற்குச் சமம். ராக்கரின் திருகை மேலே ஏற்றியே சமாளித்தால் ராக்கர் கோணலாக நின்று வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும், கைடு தேயும். ஆகவே ராக்கர் பீடங்களுக்கு அடியில் 1.5 மில்லிமீட்டர் எஃகுத் தகடு வெட்டி வைத்தோம். ஒரு பீடத்தின் வழியாகத்தான் ராக்கர் தண்டுக்கு ஆயில் ஏறுகிறது. அதற்கான தகட்டில் துளை விட மறந்தால் மேலே எல்லாம் வறண்டு பிடித்துக்கொள்ளும். அந்தத் துளையை அவர் தன் கையாலேயே போட்டார்.

முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஹெட் நட்டுகளைக் குளிர்ந்த நிலையில் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, ராக்கர் இடைவெளி வைத்தபின் மலைக்குப் போனேன். பர்லியாறு தாண்டி மூன்றாம் கியரில் அழுத்தியபோது, தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல மெல்லிய சத்தம். நாக்கிங். உடனே காலை எடுத்தேன். ஓரமாக நிறுத்தி டைமிங்கை மூன்று டிகிரி பின்தள்ளினால் சத்தம் நின்றது, ஆனால் வண்டி மறுபடி சோம்பியது. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. கலவை மெலிந்து சூடு ஏறியதன் அடையாளம். 125 ஜெட்டைப் போட்டு, டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து மறுவாரம் ஏறினேன். சத்தம் இல்லை. குன்னூரில் காற்று அடர்த்தி குறைவதால் கலவை அங்கே சற்றுச் செறிவாகிறது, அது எஞ்சினைச் சுடாது. பிளக் இப்போது மண் நிறத்தில் இருக்கிறது.

திறனை அளக்கும் டைனோ வைத்துப் பார்க்க என்னிடம் பணமில்லை. நீலாம்பூர்-மதுக்கரை புறவழிச்சாலையில் விடியற்காலையில், டாப் கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகம் எட்டும் நேரத்தை, வேலைக்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் இரு திசையிலும் ஓட்டி எடுத்தேன். முன்பு சராசரி 26.4 வினாடி, இப்போது 19.1. மைலேஜ் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரிலிருந்து பத்தரையாக உயர்ந்தது. நான்கு சிலிண்டரும் 146-க்கும் 150-க்கும் நடுவே கம்ப்ரெஷன் காட்டுகின்றன. விகிதத்தை 7.2-லிருந்து 8.07-க்கு உயர்த்தியதால் மட்டும் கோட்பாட்டுக் கணக்கில் கிடைப்பது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இந்த ஏழு வினாடியில் பெரும்பகுதி ரிங், வால்வு சீட், த்ராட்டில் தண்டு ஆகிய மூன்று கசிவுகளை அடைத்ததால் வந்தது என்றே நான் நம்புகிறேன். சீவியதும் குடைந்ததும் அதற்குமேல் வந்த கூடுதல். மொத்தச் செலவு 58,400 ரூபாய்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை 3000 கிலோமீட்டர் முடிந்தது. டேப்பட் கவரைத் திறந்து, மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கருக்கு அடியில் 0.38 தகட்டை நுழைத்தேன். வைத்தபோது எப்படி வழுக்கியதோ அதே பிடிமானத்தோடு வழுக்கி மறுபக்கம் வந்தது.